சொல்லுக் கேட்பது: கர்த்தருடைய சத்தமும் கீழ்ப்படிதலும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையைக் குறை சொல்வதென்றால் "சொல்வழி கேளாது" என்பார்கள். அந்தப் பிள்ளைக்குக் காது நன்றாகவே கேட்கும். சொன்னதைச் செய்யாது, அதுதான் குறை. தமிழில் கேட்பது என்ற ஒரே சொல்லுக்குள் செவிமடுப்பதும் இருக்கிறது, கீழ்ப்படிவதும் இருக்கிறது. எபிரெய மொழியிலும் இப்படித்தான். "இஸ்ரவேலே, கேள்" என்ற கட்டளையில் வரும் "ஷமா" என்ற வினை இரண்டையும் சேர்த்தே குறிக்கும்.

யாழ்ப்பாணத்தில், மானிப்பாய்ப் பக்கத்தில் ஒரு வீட்டு ஜெபக் கூட்டத்தை இருபது வருடத்துக்கு மேலாக நடத்திவருகிறேன். ஜெபம் முடிந்து தேத்தண்ணீர் குடிக்கும்போதும், படலையடியில் செருப்புப் போடும்போதும் ஆட்கள் மெல்லக் கேட்ட கேள்விகளை ஒரு கொப்பியில் குறித்துவைத்தேன். பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சுற்றிவந்தன. அவற்றுக்கு நான் சொல்லிவருகிற பதில்கள் இவை.

கடவுள் இன்றைக்கும் பேசுகிறாரா?

ஓம். பேசாத கடவுளிடம் ஜெபிக்க நான் காலையில் எழும்பமாட்டேன். "என் ஆடுகள் என் சத்தத்திற்குச் செவிகொடுக்கிறது" என்று யோவான் 10 இல் இயேசு சொல்கிறார். பெரிய ஊழியக்காரருக்கு மட்டும் என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. ஆடாக இருந்தால் போதும்.

அது எப்படியான சத்தம்? காதால் கேட்குமா?

எனக்கு ஒருநாளும் காதால் கேட்டதில்லை. கேட்டதாகச் சொல்கிறவர்களை நான் பொய்யர் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்காகக் காத்துக்கொண்டு இருக்கவும் வேண்டாம்.

சாமுவேலின் கதையை (1 சாமுவேல் 3) ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். பிள்ளை ஆலயத்தில் படுத்திருக்கிறான். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் கேட்கிறது. எழும்பி ஏலியிடம் ஓடுகிறான். ஒருதரமா? மூன்று தரம். கர்த்தருடைய சத்தம் அவனுக்கு இடிமுழக்கம்போல இருக்கவில்லை, பக்கத்து அறையில் படுத்திருக்கிற கிழவரின் குரல்போலவே இருந்தது. அது யாருடைய குரல் என்று அவனுக்கு விளங்கவைத்ததும் அந்தக் கிழவர்தான், அவருக்கோ கண் மங்கிக்கொண்டு வந்தது. எலியாவுக்கும் அப்படித்தான். காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் கடந்துபோன பிறகு வந்தது "அமர்ந்த மெல்லிய சத்தம்".

எனக்குத் தெரிந்தவரையில் அது பெரும்பாலும் ஒரு வசனம் மனதில் தைப்பதாக வரும். ஜெபத்தில் ஒரு ஆளின் முகம் விட்டுப்போகாமல் நிற்பதாக வரும். செய்யவேண்டிய ஒன்றைப் பற்றித் திரும்பத் திரும்ப எழும் அமைதியான உறுத்தலாகவும் வரும்.

என் எண்ணம் எது, பிசாசின் குரல் எது, கர்த்தருடைய சத்தம் எது என்று எப்படிப் பிரிப்பது?

கூடுதலாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். போர் நடந்த 1990 களில் இங்கே இருந்தவர்களுக்கு நான் இப்படிச் சொல்வேன். அப்போது ஷெல் குத்துகிற சத்தம் தூரத்தில் கேட்டவுடனே, அது எங்கிருந்து வெளிக்கிடுகிறது, எங்கள் பக்கம் வருகிறதா இல்லையா என்று எங்களுக்குத் தெரியும். ஹெலிகொப்டரின் சத்தம் வேறு, சகடை என்ற குண்டுபோடும் விமானத்தின் சத்தம் வேறு, கிபிர் ஜெட்டின் சத்தம் வேறு. ஆறு வயதுப் பிள்ளைகள்கூட விளையாட்டை நிறுத்தி, தலையைச் சரித்து ஒரு கணம் கேட்டுவிட்டு, பங்கருக்குள் ஓடுவதா விளையாட்டைத் தொடர்வதா என்று முடிவெடுத்தார்கள். யாரும் எங்களுக்கு அதை வகுப்பு எடுத்துச் சொல்லித்தரவில்லை. நாளாந்தம் கேட்டோம், கேட்டதற்கு ஏற்றபடி நடந்தோம், காது பழகிவிட்டது. பயத்தில் காது பழகுமென்றால் அன்பிலும் பழகும்.

பழகுவதற்கு முன்னே பிடித்துக்கொள்ள இரண்டு மூன்று அடையாளம் சொல்கிறேன். குற்றஞ்சாட்டுகிறவனான பிசாசின் குரல் ஆளையே மொத்தமாகப் பூசி அடிக்கும். "நீ உதவாதவன், நீ ஒருநாளும் திருந்தமாட்டாய்" என்று சொல்லும். அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்காது. ஆவியானவர் அப்படிப் பேசுவதில்லை. அவர் ஒரு இடத்தில் விரலை வைப்பார். "நேற்றிரவு சாப்பாட்டு மேசையில் மனைவியிடம் சொன்னாயே, அந்த வார்த்தை" என்பார். வலிக்கும், ஆனால் அடுத்து என்ன செய்யவேண்டும் என்று தெளிவாகத் தெரியும்.

என் சொந்த ஆசையின் குரல் எப்போதும் என் பக்கமே பேசும், அவசரப்படுத்தவும் செய்யும். "இப்பவே, இன்றைக்கே, ஒருவரிடமும் கேட்காதே" என்று ஒரு குரல் தள்ளினால் நான் கதிரையில் இருந்துவிடுவேன், எழும்பமாட்டேன். மேய்ப்பன் முன்னே நடக்கிறவன், பின்னால் நின்று தள்ளுகிறவன் அல்லவே.

எல்லாவற்றுக்கும் மேலே வேதம் இருக்கிறது. எழுதிக் கொடுத்ததற்கு எதிராக அவர் காதில் பேசமாட்டார். கள்ளக் காணி உறுதி எழுதலாமா, மனைவியை விட்டுவிட்டு இன்னொருத்தியோடு போகலாமா என்பதையெல்லாம் ஜெபத்தில் வைத்து விசாரிக்கத் தேவையில்லை. பதில் ஏற்கெனவே அச்சில் இருக்கிறது.

வேதாகமத்தின் தமிழ் எனக்கு விளங்குவதில்லை. எதை வாசிப்பது?

விளங்குகிறதை வாசியுங்கள். நான் வளர்ந்தது 1871 இல் வந்த பழைய மொழிபெயர்ப்பில். மனப்பாடமான வசனங்கள் எல்லாம் அந்த நடையிலேயே எனக்குள் ஓடுகின்றன. என் பேரப்பிள்ளைகளுக்கு அது கல்வெட்டு மாதிரி. அவர்களுக்கு 1995 இல் வந்த திருவிவிலியத்தைக் கொடுத்தேன், மாற்கு சுவிசேஷத்தை இரண்டு நாளில் முடித்தார்கள்.

இந்த ஊர்க்காரர் மறக்கக்கூடாத ஒன்றும் இருக்கிறது. மெதடிஸ்த மிஷனைச் சேர்ந்த பேர்சிவல் பாதிரியார் யாழ்ப்பாணத்தில் இருந்து செய்த மொழிபெயர்ப்பு 1850 இல் வெளிவந்தது. அதில் அவருக்குத் துணையாக இருந்தவர் நல்லூர் ஆறுமுகநாவலர். பிறகு சைவத்துக்காகக் கிறிஸ்தவத்தை எதிர்த்து நின்ற அதே நாவலர். அந்த மொழிபெயர்ப்பைச் சபைகள் பரவலாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனாலும் கர்த்தருடைய வார்த்தை நல்ல தமிழில் எங்கள் காதில் விழவேண்டும் என்று எங்கள் ஊரிலேயே ஒரு சைவரும் ஒரு பாதிரியாரும் ஒரே மேசையில் இருந்து வருடக்கணக்காகச் சொல் தேடினார்கள் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். தென்னிந்தியத் திருச்சபை யாழ் ஆதீனத்தின் முதல் பேராயர் சபாபதி குலேந்திரன் தமிழ் வேதாகமத்தின் வரலாற்றை ஒரு நூலாகவே எழுதினார். இவ்வளவு பேர் பாடுபட்டுக் கையில் தந்ததை றாக்கையில் வைத்துவிட்டு, "கர்த்தர் என்னோடு பேசவில்லை" என்று சொல்லலாமா?

கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து, விரல் வைத்த வசனத்தைக் கர்த்தருடைய பதிலாக எடுக்கலாமா? வருடப்பிறப்பு வாக்குத்தத்த அட்டை?

கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. எடுத்தது எதுவோ அதுதான் பதில். வீட்டில் பல்லி சொன்னால் எந்தத் திசையில் சொன்னது என்று பார்ப்பார்கள். நாங்கள் அதையெல்லாம் விட்டுவந்தோம் என்று சொல்லிக்கொண்டு, பூவுக்குப் பதில் வேதப்புத்தகத்தை வைத்து அதையே செய்தால் எதை விட்டுவந்தோம்? ஒரு மனுஷன் எழுதிய கடிதத்தில் நடுவிலே ஒரு வரியை மட்டும் பிய்த்து வாசித்தால் அவருக்கே கோபம் வரும்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் அட்டை எடுப்பதை நான் பாவம் என்று சொல்லவில்லை. நானும் எடுக்கிறேன். ஆனால் அந்தத் தட்டில் "உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்" என்று ஒரு அட்டை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. எல்லாம் இனிப்பான வசனங்கள்தான். எரேமியா 29:11 எத்தனை வீட்டுச் சுவரில் தொங்குகிறது! சமாதானத்துக்கான நினைவுகள், எதிர்பார்த்திருக்கும் முடிவு. சரி, அதற்கு முந்திய வசனத்தையும் பாருங்கள். எழுபது வருடம் பாபிலோனில் இருக்கவேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. அதற்கும் மேலே, வீடு கட்டுங்கள், தோட்டம் வையுங்கள், சிறைப்பட்டுப்போன அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் என்று கட்டளைகள் இருக்கின்றன. இடம்பெயர்ந்த சனத்துக்கு எழுதிய கடிதம் அது. எங்களைப்போல அதை விளங்கிக்கொள்ளக்கூடியவர்கள் உலகத்தில் கொஞ்சப் பேர்தான். அட்டையை எடுத்தால் அந்த அதிகாரம் முழுவதையும் அந்த வருடம் வாசியுங்கள்.

கிதியோன்போல அடையாளம் கேட்கலாமா?

கிதியோன் ஆட்டுத்தோலைப் போட்டு, பனி அதில் மட்டும் விழட்டும் என்று அடையாளம் கேட்டது விசுவாசத்தால் அல்ல, பயத்தால். செய்யவேண்டியது என்ன என்று கர்த்தர் அவனுக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டார். பயந்தவனையும் கர்த்தர் பொறுத்துக்கொண்டார் என்பது அந்தக் கதையில் இருக்கும் ஆறுதல். அதை ஒரு முறையாக எடுக்கவேண்டாம்.

சொப்பனம்?

வரலாம். மத்தேயுவில் யோசேப்புக்குத் திரும்பத் திரும்பச் சொப்பனம் வருகிறது. ஆனால் அவர் அதை யாரிடமும் சொல்லி அர்த்தம் விசாரித்ததாக எழுதப்படவில்லை. எழும்பினார், செய்தார். மரியாளைச் சேர்த்துக்கொண்டார், இரவோடிரவாகப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போனார். அவர் பேசிய ஒரு வார்த்தைகூட சுவிசேஷங்களில் இல்லை. எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

ஒரு தீர்க்கதரிசி எனக்காக ஜெபித்துவிட்டு "கர்த்தர் உனக்கு இப்படிச் சொல்கிறார்" என்றார். நம்பலாமா?

தீர்க்கதரிசனங்களை அற்பமாய் எண்ணாதிருங்கள் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். உடனே அடுத்த வரியில் எல்லாவற்றையும் சோதித்துப்பாருங்கள் என்றும் எழுதினார். முதல் வரியை மட்டும் பிரசங்கிக்கிறவர்களிடம் கவனமாக இருங்கள்.

1 இராஜாக்கள் 13 ஐ இந்தக் கேள்வியோடு வருகிற எல்லோருக்கும் வாசிக்கக் கொடுப்பேன். யூதாவிலிருந்து வந்த தேவனுடைய மனுஷனுக்குக் கர்த்தர் நேரடியாகச் சொல்லியிருந்தார்: அங்கே சாப்பிடாதே, தண்ணீர் குடிக்காதே, போன வழியால் திரும்பாதே. ராஜா கூப்பிட்டபோது அவன் மறுத்துவிட்டான். பெத்தேலில் இருந்த ஒரு வயதான தீர்க்கதரிசி வந்து, "நானும் உன்னைப்போலத் தீர்க்கதரிசிதான், தேவதூதன் எனக்குச் சொன்னான், வா சாப்பிடு" என்றான். அது பொய். இவன் போய்ச் சாப்பிட்டான், திரும்பும் வழியில் சிங்கம் அவனைக் கொன்றது. ராஜாவின் அழைப்புக்கு அசையாதவன் "கர்த்தர் சொன்னார்" என்ற வார்த்தைக்கு அசைந்துபோனான். தனக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டதை இன்னொருவரின் "எனக்குச் சொல்லப்பட்டது" என்பதற்காக விட்டுக்கொடுத்ததுதான் அவனுடைய பிழை.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் தாய்மார் எங்கள் கூட்டத்துக்கும் வருகிறார்கள். பிள்ளைகள் எங்கே என்று கேட்டு, கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் வீதியோரம் போராட்டம் இருக்கத் தொடங்கிய அம்மாமாரைப் போன்றவர்கள். ஒரு அம்மாவின் கைப்பையில் மகனின் படம் பிளாஸ்ரிக் உறையில் இருக்கும். உறையின் ஓரம் தேய்ந்து வெள்ளையாகிவிட்டது. அவரிடம் வெளியிலிருந்து வந்த ஒரு ஊழியக்காரர், "மகன் உயிரோடு இருக்கிறான், இந்த வருடம் முடிவதற்குள் வீட்டுக்கு வருவான், கர்த்தர் எனக்குக் காட்டினார்" என்று சொன்னார். அந்த வருடம் முழுக்க அந்த அம்மா ஒவ்வொரு இரவும் ஒரு கோப்பைச் சோறு கூடப் போட்டுவைத்தார். டிசம்பர் முடிந்தது. ஜனவரியில் அவர் என்னிடம் கேட்டது: "நான் விசுவாசிக்காதபடியால்தான் வரவில்லையோ?"

சொன்னவருக்கு அது ஒரு நிமிஷ வேலை. சொல்லிவிட்டுப் போய்விட்டார். கர்த்தர் சொல்லாததைக் கர்த்தர் சொன்னார் என்று சொல்வது வேதத்தில் சின்னக் குற்றமல்ல, உபாகமம் 18 ஐப் பாருங்கள். ஒரு தாயின் நம்பிக்கையோடு அப்படிச் செய்வதை நான் மன்னிக்க முயற்சிசெய்கிறேன், இன்னும் முடிந்தபாடில்லை. அந்த அம்மாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா, மகன் எங்கே என்று எனக்குக் கர்த்தர் சொல்லவில்லை. உங்களுடைய விசுவாசத்தில் ஒரு குறையும் இல்லை. அவர் சொல்லாததை அவர் வாயில் வைத்தது மனுஷன்." பிறகு இருவரும் கனநேரம் கதைக்காமல் இருந்தோம்.

காணிக்கை கொடுத்தால்தான் தீர்க்கதரிசனம் நிறைவேறும் என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். அதற்கு நீளமான பதில் தேவையில்லை.

எனக்கு உண்மையாகவே குரல்கள் கேட்கின்றன. சில நேரம் என்னையே காயப்படுத்தச் சொல்கின்றன. இது கர்த்தரா, பிசாசா?

இதை வாசிக்கிறவர்களில் ஒருவருக்காவது இந்தக் கேள்வி இருக்கும். பிள்ளை, தயவுசெய்து இன்றைக்கே ஒரு டொக்டரிடம் போ. தனியே போகாதே, நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. சாவைச் சொல்கிற குரல் மேய்ப்பனுடையது அல்ல. அது ஒரு நோயால் வருவதாக இருக்கலாம், நோய்க்கு மருந்து உண்டு. போரில் பட்டதெல்லாம் எங்கள் சனத்தின் தலைக்குள் இன்னும் ஆறாமல் கிடக்கிறது. அதற்கு வைத்தியம் எடுப்பது அவிசுவாசம் ஆகாது.

குளிசையை நிறுத்திவிட்டு ஜெபம் மட்டும் போதும் என்று எந்தப் போதகர் சொன்னாலும் கேட்கவேண்டாம். 1847 இல் இங்கே வந்த டொக்டர் கிறீன் மானிப்பாயில் நோயாளரைப் பார்த்து, எங்கள் பெடியளுக்குத் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவர் மிஷனரியாக வந்தவர். ஜெபமும் மருந்தும் இந்த ஊரில் ஒரே வீட்டிலிருந்துதான் வந்தன.

வெளிநாடு போவதற்கு வழி திறந்திருக்கிறது. கதவு திறந்தால் அது கர்த்தருடைய சித்தம்தானே?

யோனாவுக்கும் கதவு திறந்திருந்தது. யோப்பா துறைமுகத்துக்குப் போனான், தர்ஷீசுக்குப் போகிற கப்பல் அந்த நேரத்தில் ஆயத்தமாக நின்றது, கையில் கூலிக்குக் காசும் இருந்தது. எல்லாம் கூடிவந்தது. ஆனால் அவன் போனது நினிவேக்கு எதிர்த் திசையில். பவுலுக்கோ ஆசியாவும் பித்தினியாவும் அடைபட்ட பிறகுதான் துரோவாவில் மக்கெதோனியத் தரிசனம் கிடைத்தது. ஆகவே விசா கிடைத்ததை மட்டும் வைத்து ஓம் என்றும் சொல்லமுடியாது, விசா மறுக்கப்பட்டதை மட்டும் வைத்து இல்லை என்றும் சொல்லமுடியாது.

போகவேண்டாம் என்று நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. வெளியில் இருந்து வந்த காசில்தான் இங்கே எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிந்தது. நான் கேட்பது வேறு: இங்கே உன்னிடம் ஏற்கெனவே ஒப்படைக்கப்பட்டது என்ன? வயதான அப்பாவா, சகோதரியா, ஞாயிறு பாடசாலையில் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிற பத்துப் பிள்ளைகளா? அவர்களை என்ன செய்வது என்று அவரிடம் கேட்டாயா? ஏஜென்ஸிக்குப் பொய் விபரம் கொடுக்கவேண்டி வந்தால் அந்த இடத்திலேயே உனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கலியாண விஷயத்தில் எப்படிக் கேட்பது?

மற்றவர்கள் "யாரைக் கட்டுவது" என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் கர்த்தர் பேச விரும்புவது அதைவிட "எப்படிக் கட்டுவது" என்பதைப் பற்றியே என்று நான் நினைக்கிறேன். சீதனம் எங்கள் வழமையில் ஆழமாக ஊறியது. 1707 இல் ஒல்லாந்தர் எங்கள் வழமைச் சட்டமான தேசவழமையை எழுத்தில் தொகுத்தபோதே அது அங்கே இருக்கிறது. அதனால் அதைப் பற்றி ஜெபிக்கவே தேவையில்லை என்று நினைக்கிறோம். மகனுக்கு வீடும் காணியும் காசும் பேசி முடித்துவிட்டு, திகதியைக் கர்த்தருடைய சமூகத்தில் வைக்கிறோம்.

சாதியும் அப்படித்தான். "நல்ல கிறிஸ்தவக் குடும்பம்" என்று தரகரிடம் சொல்லும்போது நாங்கள் என்ன அர்த்தத்தில் சொல்கிறோம் என்று எங்களுக்கும் தெரியும், தரகருக்கும் தெரியும். ஒரே பாத்திரத்தில் இராப்போஜனம் எடுத்துவிட்டு, ஒரே பந்தியில் சம்பந்தம் கலக்கமாட்டோம் என்கிறோம். கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று என்று கலாத்தியரில் எழுதியிருப்பது இந்த ஊரில் இருநூறு வருடத்துக்கு மேலாக வாசிக்கப்படுகிறது. இவ்வளவு உரத்த சத்தத்தைக் கேளாதவர்கள் மெல்லிய சத்தத்தை எப்படிக் கேட்கப்போகிறோம்? ஒரு பிள்ளை துணிந்து இதை மீறிக் கலியாணம் செய்தால், தயவுசெய்து அந்த வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள்.

கத்தோலிக்கருக்கும் இதெல்லாம் பொருந்துமா?

மேய்ப்பன் ஒருவர்தான். சில்லாலைப் பக்கம் போனால் யோசேப்பு வாஸ் அடிகளை நினையுங்கள். ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு இங்கே கத்தோலிக்கக் குருக்களுக்கு இடமில்லாமல் போயிற்று. இந்தச் செய்தி கோவாவில் அவர் காதில் விழுந்தது. 1687 இல் ஒரு பிச்சைக்காரர் கோலத்தில் வந்து சேர்ந்தார். அவரைச் சில்லாலைச் சனம் மறைத்து வைத்தது. 2015 ஜனவரி 14 அன்று கொழும்பு காலிமுகத்திடலில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். மேய்ப்பனில்லாத சனம் ஒன்று இருக்கிறது என்ற செய்தியே அவருக்கு அழைப்பாயிற்று. தேவையைக் காதில் விழப்பண்ணுவதும் கர்த்தர் பேசுகிற ஒரு வழி.

மாதக்கணக்காக ஜெபிக்கிறேன், ஒன்றும் கேட்கவில்லை. என்ன செய்வது?

1990 இல் கரண்ட் போன பிறகு வருடக்கணக்காக எங்களுக்கு இருட்டுத்தான். பற்றரி கிடைக்காது. பிபிசி தமிழோசை கேட்பதற்குச் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோவுக்குக் கொடுத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். வீட்டுக்காரர், அயலட்டை எல்லோரும் விறாந்தையில் சுற்றியிருப்போம். சுற்றுகிறவரின் கை களைத்தால் குரல் அப்படியே தேய்ந்துபோகும். "சுத்தடா, சுத்தடா" என்று சத்தம் போட்டுவிட்டு இன்னொருவர் போய்ப் பிடிப்பார். லண்டனில் பேசுகிறவர் பேச்சை நிறுத்தவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

உங்கள் கை களைத்த காலத்தில் வேறு ஒருவர் சுற்றட்டும். தனியே இருந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்காமல் சபைக்கு வாருங்கள், மற்றவர்கள் ஜெபிக்கிறதைக் கேட்டுக்கொண்டு இருந்தாலே போதும். அமைதி தேவையென்றால் மருதனார்மடத்தில் கிறிஸ்த சேவா ஆசிரமம் இருக்கிறது. அங்கே போய் ஒரு நாள் பேசாமல் இருந்துவிட்டு வாருங்கள். ஃபோனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

இன்னொன்றையும் மெல்லக் கேட்டுப்பாருங்கள்: கடைசியாக அவர் தெளிவாகச் சொன்னது எது? அதைச் செய்தாயிற்றா? அவருடைய சித்தத்தைச் செய்ய மனதுள்ளவன் அறிந்துகொள்வான் என்று யோவான் 7 இல் இயேசு சொல்கிறார். செய்வது முன்னே, அறிவது பின்னே. எனக்கு அடுத்த வார்த்தை வராமல் நின்ற காலமெல்லாம் முந்திய வார்த்தை செய்யப்படாமல் கிடந்த காலம்தான்.

என்ன செய்யவேண்டும் என்று தெரிகிறது. செய்யத்தான் முடியவில்லை.

இதற்கு என் சொந்தக் கதையைத்தான் சொல்லவேண்டும்.

1995 ஒக்டோபர் 30 இரவு போரால் எல்லோரையும்போல நாங்களும் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டோம். அடுத்த வருடம் சித்திரையில் தென்மராட்சியிலிருந்து திரும்பிவந்தபோது வேலி இருந்த இடம் முழுக்கப் பற்றை. பக்கத்து வளவில் ஒரு ஆச்சி தனியே இருந்தார், பிள்ளைகள் எல்லோரும் கனடாவில். நான் புதுக் கதியால், அதாவது வேலித்தடி, போட்டு வேலி அடைத்தபோது, ஒரு முழம் அவருடைய பக்கம் அரக்கிப் போட்டேன். பழைய எல்லை எது என்று எனக்கு நன்றாகத் தெரியும், உறுதியும் என்னிடம் இருந்தது. ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளும் வேலிக்கு மேலால் முருங்கைக்காய் நீட்டினார்.

அன்றிலிருந்து காலையில் முழங்காலில் நின்றால் எனக்கு வேலிதான் தெரியும். "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கினால் வேலி. ஆச்சிக்கு அந்தக் காணியால் என்ன பயன், பிள்ளைகள் வரப்போவதில்லையே என்று கர்த்தரிடம் வழக்காடினேன். பிறகு காணிக்கையைக் கூட்டிப் போட்டேன். ஆராதனைக்கு வெள்ளெனப் போய்க் கதிரை அடுக்கினேன். சவுல் ராஜா நல்ல ஆடுகளைத் தப்பவைத்துவிட்டு, பலியிடத்தான் கொண்டுவந்தேன் என்று சொன்ன கதையை நானே ஒருநாள் பிரசங்கித்தேன். பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம் என்ற வசனத்தை வாசிக்கும்போது என் குரல் கம்மிப்போனது. கேட்டவர்கள் ஆவியானவர் அசைவாடுகிறார் என்று நினைத்தார்கள்.

இரண்டு வருடம் போனது. ஒரு சனிக்கிழமை காலை ஜெபிக்காமலே எழும்பி, அலவாங்கை எடுத்துக்கொண்டு போனேன். கிளுவைக் கதியால்கள் வேர்விட்டுத் தளிர்த்து நின்றன. ஒவ்வொன்றையும் கிண்டி எடுக்கவேண்டியிருந்தது. கையில் பால் ஒட்டிப் பிசுபிசுத்தது. பின்னேரம் நாலு மணிபோல வேலி பழைய இடத்துக்கு வந்தது.

செய்யமுடியவில்லை என்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பெலன் வரும்வரை காத்திருக்கவேண்டாம். எனக்கு அந்தக் காலையில் பெலனும் வரவில்லை, சமாதானமும் வரவில்லை. அலவாங்கு எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரிந்திருந்தது. முதல் கதியாலை எடுத்த பிறகு இரண்டாவது கொஞ்சம் இலகுவாக இருந்தது.

பிந்திப்போய்விட்டது. கீழ்ப்படியவேண்டிய காலத்தில் கீழ்ப்படியவில்லை. இனி என்ன?

நான் வேலியை மாற்றியபோது ஆச்சி இல்லை. அதற்கு நாலு மாதத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். செத்தவீட்டுக்குப் பந்தல் போட்டவர்களில் நானும் ஒருவன். அவரிடம் மன்னிப்புக் கேட்கும் சந்தர்ப்பம் எனக்கு இந்த உலகத்தில் இனிக் கிடைக்காது. பிந்திய கீழ்ப்படிதலுக்கு இப்படி ஒரு விலை உண்டு. அதை ஒருவருக்கும் நான் மறைக்கமாட்டேன்.

ஆனாலும் யோனாவின் புத்தகத்தில் மூன்றாம் அதிகாரம் கர்த்தருடைய வார்த்தை அவனுக்கு இரண்டாந்தரம் உண்டானதாகத்தான் தொடங்குகிறது. அதே நினிவே, அதே வேலை. இடையில் நடந்ததைச் சொல்லிக் காட்டி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. சொன்ன வேலை இன்னும் அங்கேயே இருந்தால், போய்ச் செய்யுங்கள். அந்த ஆள் இல்லாவிட்டால் அவருடைய பிள்ளைகள் இருப்பார்கள்.

நான் ஆச்சியின் மகளுக்குக் கடிதம் எழுதினேன். நடந்ததை அப்படியே எழுதி, இரண்டு வருடம் அந்த நிலத்தில் நான் பறித்த தேங்காய்க்கும் ஒரு கணக்குப் போட்டு அனுப்பினேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. காசு வேண்டாம், தாயின் நினைவு நாளில் யாருக்காவது சாப்பாடு கொடுங்கள் என்று எழுதியிருந்தாள். வேலியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கீழே, கையெழுத்துக்குப் பிறகு, அம்மாவின் முருங்கை இன்னும் காய்க்கிறதா என்று கேட்டிருந்தாள்.